இளம் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரரை எடைபோடுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பதினோரு சண்டைகளில் பதினோரு நாக்அவுட் செய்துள்ள இளைஞரை வருங்காலச் சாம்பியன் என்று சொல்லிவிடலாமா?

அந்த எண்ணைவிட, அவருக்கு எதிரே நின்றவர்களின் பட்டியலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வளரும் வீரருக்கு எதிராளியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அவருடைய சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரோமோட்டர் தரப்புதான் என்பதால், தோற்றுப் பழகியவர்களையும் கடைசி நேரத்தில் அழைத்து வரப்பட்டவர்களையும் வீழ்த்தியே அந்தக் கணக்கு உயர்ந்திருக்கக்கூடும். அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் டியான்டே வைல்டர் தம் முதல் 32 சண்டைகளையும் நாக்அவுட்டில் வென்றார். அவற்றில் ஒன்றுகூட நான்கு ரவுண்டுகளைத் தாண்டவில்லை. 2015 ஜனவரியில் பெர்மேன் ஸ்டிவர்னுடன் மோதிய பட்டப் போட்டியில்தான் அவர் முதன்முறையாகப் பன்னிரண்டு ரவுண்டுகள் ஆடி, ஜாபின் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் வேகமான குத்து) துணையோடு புள்ளிகளில் வென்றார். அது அவரால் முடியும் என்பதற்கு முந்தைய 32 சண்டைகளில் எந்தத் தடயமும் இல்லை.

பழைய சண்டைகளின் வீடியோவில் எதைக் கவனிக்க வேண்டும்?

வர்ணனையாளரின் உற்சாகம் நம் கண்ணையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால், முதலில் ஒலியை நிறுத்திவிடுங்கள். பிறகு ஒரு ரவுண்டு முழுக்க, குத்துகளை விட்டுவிட்டு இளைஞரின் கால்களை மட்டும் பாருங்கள். பக்கவாட்டில் நகரும்போது கால்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டால், அந்த நொடியில் விழும் சாதாரணக் குத்துகூட அவரைத் தள்ளாட வைக்கும். அடுத்த ரவுண்டில் இடது கையைப் பாருங்கள். ஜாப் போன வழியே கன்னத்துக்குத் திரும்புகிறதா, அல்லது மார்பளவுக்குத் தாழ்ந்து, ஒரு வளைவு போட்டு வருகிறதா? அந்த வளைவுக்குள்தான் எதிராளியின் வலது கை நுழையும்.

இவற்றைவிட எனக்கு முக்கியமானது, அவருடைய மிகச் சிறந்த குத்து தவறிப்போன பிறகு வரும் இரண்டு நொடிகள். நல்ல வீரர் அந்தத் தவறுதலிலிருந்தே அடுத்த கோணத்துக்கு நகர்ந்துவிடுவார். தம் பலத்தை மட்டும் நம்புகிறவர், நின்ற இடத்திலேயே அதே குத்தை இன்னும் வேகமாக வீசுவார். இடைவேளையில் கார்னரில் உட்கார்ந்திருக்கும்போது பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்கிறாரா, எங்கோ வெறிக்கிறாரா என்பதும் எனக்கு ஒரு குறிப்புதான்; ஆனால் அதை நான் அளவுக்கு மீறி நம்புவதில்லை.

ஒலிம்பிக் தங்கம் உத்தரவாதம் ஆகாதா?

ஆகாது. ஆட்லி ஹாரிசன் 2000 சிட்னியில் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம் வென்றும், தொழில்முறையில் முக்கிய உலகப் பட்டம் எதையும் பெறவில்லை.

உயரம் குறைந்தவரை ஒதுக்கிவிடலாமா?

வேண்டாம். மைக் டைசனின் உயரம் சுமார் 5 அடி 10 அங்குலம்தான். ஆனால் குட்டையானவர் தலையை அசைத்து உள்ளே நுழையத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நேராக நடந்து போனால் ஜாபுக்கு இரையாவார்.

நாங்கள் நம்பியிருந்த வீரர் தோற்றுவிட்டார். கதை முடிந்ததா?

எப்படித் தோற்றார் என்பதைப் பொறுத்தது. அட்லாண்டா ஒலிம்பிக் சாம்பியனான விளாதிமிர் கிளிச்கோ, 1998 டிசம்பரில் கீவ் நகரில், பல தோல்விகளைக் கண்டிருந்த ராஸ் பியூரிட்டியிடம் வீழ்ந்தார். ஆரம்ப ரவுண்டுகளில் கைவசமிருந்த சக்தியையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, பிற்பகுதியில் மூச்சு வாங்கி நின்றதே காரணம். சக்தியைச் சிக்கனமாகச் செலவிடுவது கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று. அவர் கற்றுக்கொண்டு, 2006 முதல் 2015 வரை பட்டத்தைக் கைவிடாமல் வைத்திருந்தார். மாறாக, ஒவ்வொரு சண்டையிலும் தாடையில் ஒரு குத்து பட்டதுமே கால்கள் துவள்கின்றன என்றால், எந்தப் பயிற்சியாளரும் அதைத் தற்காப்பால் மறைக்கலாமே தவிர மாற்ற முடியாது.

மோசஸ் இட்டாமாவைப் பற்றி உங்கள் கருத்து?

2004 டிசம்பரில் பிறந்த பிரிட்டிஷ் ஹெவிவெயிட் வீரர். 2025 ஆகஸ்டில் தில்லியன் வைட்டை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தினார். இந்த எடைப் பிரிவில் அரிதான கைவேகமும், இடது கையரின் கோணங்களும் அவரிடம் இருப்பதை அந்தச் சண்டை காட்டியது. ஆனால் வைட் தம் உச்சத்தைக் கடந்தவர் என்பதையும், ஒரே ரவுண்டில் முடிந்த சண்டை களைப்பைப் பற்றி எதையும் சொல்லாது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மைக் டைசன் 20 வயதில் பட்டம் வென்றது விதிவிலக்கு. உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் 2024 மே மாதத்தில் டைசன் ப்யூரியை வென்று, முக்கிய அமைப்புகள் அனைத்தின் பட்டங்களையும் ஒருசேர வைத்திருக்கும் மறுப்பற்ற ஹெவிவெயிட் சாம்பியனானபோது அவருக்கு வயது 37. ஆகவே இட்டாமாவின் வேகத்தை நான் இப்போதே ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு, அவருடைய குத்துகளைத் தாங்கிக்கொண்டு எட்டாவது ரவுண்டிலும் முன்னேறி வரும் ஒருவருடன் அவர் மோதுவதைப் பார்க்க வேண்டும்.