புகுபதிகை ஷெல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலை மாவட்ட வாசகர்கள் இம்முறை அனுப்பிய கேள்விகளுள் மூன்று, புகுபதிகை ஷெல்லைப் பற்றியவையாக அமைந்திருப்பதால் அவற்றைச் சேர்த்தே தருகிறோம். ஷெல் என்பது நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல்; கணினியில் நுழையும்போது நமக்கென்று தொடங்கப்படுவதே புகுபதிகை ஷெல். பாஷ், இசட், ஃபிஷ் என்பன அத்தகைய ஷெல்களின் பெயர்கள். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்பின்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

கேள்வி: வீட்டு மேசைக்கணினியில் உபுண்டு லினக்ஸ் பாவிக்கிறேன். பாஷ் ஷெல்லை விட்டு இசட் ஷெல்லுக்கு மாற எண்ணி ‘சீஎச்எஸ்எச்’ கட்டளையைக் கொடுத்தபோது, கடவுச்சொல்லைக் கேட்டதே தவிர வேறெதுவும் மாறவில்லை. மறுநாள் கணினியைத் திறந்தால் இசட் ஷெல் வந்துவிட்டது. ஆனால் கொட்பே துறைமுகத்தில் நிற்கும் அப்பாவின் படகுக்கு வாங்கும் எண்ணெய், ஐஸ் கணக்கைக் கூட்டுவதற்கு நான் எழுதி வைத்த சிறு நிரலின் பெயரை அடித்தால், அப்படியொரு கட்டளை இல்லை என்கிறது. நிரல் அழிந்துவிட்டதா?
— வாசகர், உப்புவெளி

பதில்: அழியவில்லை. உங்கள் வீட்டு அடைவிலுள்ள ‘பின்’ என்னும் உள்ளடைவில் அது அப்படியே இருக்கும்; அதைத் தேடிச் செல்லும் வழிதான் புதிய ஷெல்லுக்குச் சொல்லப்படவில்லை.

ஒவ்வொரு பாவனையாளருக்கும் ‘ஈடீசீ’ அடைவிலுள்ள ‘பாஸ்டபிள்யூடி’ கோப்பில் ஒரு வரி உண்டு. முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்களைக் கொண்ட அந்த வரியில் பெயர், இலக்கங்கள், வீட்டு அடைவு ஆகியவற்றைத் தாண்டிக் கடைசியாக நிற்பதே புகுபதிகை ஷெல்லின் முகவரி. நீங்கள் கொடுத்த கட்டளை அந்தக் கடைசிப் புலத்தை மட்டுமே மாற்றியது. புகுபதிகையின்போதுதான் அந்தப் புலம் வாசிக்கப்படுகிறது என்பதால், ஏற்கெனவே திறந்திருந்த அமர்வில் மாற்றம் தெரியாதது இயல்பே. பெரிய எழுத்தில் எழுதப்படும் ‘ஷெல்’ என்ற சூழல் மாறி புகுபதிகை ஷெல்லையே காட்டும். இப்போது உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது எது என்று அறிய, ‘எக்கோ’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, டொலர் குறியையும் பூச்சியத்தையும் அடியுங்கள். பெயருக்கு முன்னால் சிறுகோடு ஒன்று வந்தால் அது புகுபதிகை ஷெல்லாகத் தொடங்கப்பட்டது என்று பொருள்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருவோம். பாஷ், புகுபதிகை ஷெல்லாகத் தொடங்கும்போது முதலில் முழு முறைமைக்கும் பொதுவான புரொபைல் கோப்பை வாசிக்கும். அதன் பிறகு வீட்டு அடைவில் புள்ளியுடன் தொடங்கும் பாஷ்_புரொபைல், பாஷ்_லொகின், புரொபைல் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் தேடி, முதலில் அகப்படுவதை மட்டும் வாசிக்கும். உபுண்டு உங்களுக்கு இயல்பாகத் தருவது மூன்றாவது கோப்பை. ‘பின்’ உள்ளடைவு இருந்தால் அதைப் ‘பாத்’ மாறியில் (கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியல்) சேர்க்கச் சொல்லும் வரிகள் அதற்குள்ளேதான் இருக்கின்றன. இசட் ஷெல்லோ தன் இயல்பான நிலையில் அந்தக் கோப்பைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அது தேடுவது புள்ளி இசட்புரொபைல் என்ற வேறொரு கோப்பை. திரைக்காட்சியைக் கையாளும் இன்றைய வேலண்ட் அமர்வில், உபுண்டுவின் க்னோம் பணிமேடையே உங்கள் புகுபதிகை ஷெல்லின் ஊடாகத் தொடங்கப்படுவதால், கட்டளைகளை அடிக்கும் முனையத்துக்கு மட்டுமன்றிப் பணிமேடை முழுவதற்கும் அந்த வழி தெரியாமற் போயிற்று.

ஆகவே புள்ளி புரொபைல் கோப்பைத் திறந்து, ‘பின்’ அடைவைக் குறிப்பிடும் ‘இஃப்’ முதல் ‘ஃபை’ வரையான மூன்று வரிகளைப் பிரதி செய்து, புள்ளி இசட்புரொபைல் என்று புதிதாக ஒரு கோப்பை உருவாக்கி அதில் ஒட்டுங்கள். அவ்வரிகள் இரு ஷெல்களுக்கும் பொதுவான இலக்கணத்தில் எழுதப்பட்டவை என்பதால் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. பின்னர் வெளியேறி மீண்டும் நுழையுங்கள். இவ்வரிகளைப் புள்ளி இசட்எஸ்எச்ஆர்சீ கோப்பில் போடுமாறு சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. அந்தக் கோப்பு முனையத்தில் நேரடியாக வேலை செய்யும்போது மட்டும் வாசிக்கப்படுவது. கட்டளைகளின் சுருக்கப் பெயர்களுக்கும், கட்டளைக்காகக் காத்திருப்பதைக் காட்டும் தூண்டு குறிக்கும் உரிய இடம் அது. பணிமேடைப் பட்டியிலிருந்து தொடங்கும் செயலிகளுக்கு அங்கே எழுதிய வழி எட்டாது.

நிரலை இசட் ஷெல்லுக்காகத் திருத்தி எழுத வேண்டுமோ என்ற அச்சமும் தேவையில்லை. அதன் முதல் வரியில் பாஷின் முகவரி இருந்தால், உங்கள் புகுபதிகை ஷெல் எதுவாயினும் அதை ஓட்டுவது பாஷ்தான்.

கேள்வி: எங்கள் கணினியைப் பலர் பாவிக்கிறோம். ஒருவர் ஃபிஷ் ஷெல்லைத் தன் புகுபதிகை ஷெல்லாக வைத்திருந்தார். வன்தட்டில் இடம் போதவில்லையென்று இன்னொருவர் அதை நீக்கிவிட, இப்போது எழுத்துத் திரையில் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் உடனே வெளியே தள்ளிவிடுகிறது.
— வாசகர், கிண்ணியா

பதில்: அவருடைய பதிவின் கடைசிப் புலம், இப்போது இல்லாத ஒரு கோப்பைக் காட்டிக்கொண்டிருக்கிறது. நிர்வாக உரிமையுள்ள மற்றொருவர் நுழைந்து, அந்த உரிமையோடு கட்டளையை ஓட்டும் ‘சூடோ’வுடன் ‘யூசர்மொட்’ கட்டளையைச் சிறுகோடு எஸ் தெரிவோடு கொடுத்து, பாஷின் முழு முகவரியையும் அந்தப் பாவனையாளர் பெயரையும் எழுதினால் போதும். அப்படி எவரும் இல்லையென்றால், கணினி தொடங்கும்போது க்ரப் என்னும் தொடக்கப் பட்டியை வரவழைத்து, மீட்பு நிலையில் ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) ஷெல்லைத் திறந்து, கோப்பு முறைமையை எழுதத்தக்கதாக மீள ஏற்றிய பின் இதே கட்டளையைக் கொடுக்கலாம்.

முகவரியில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு நானும் ஒருமுறை இப்படி வெளியே நின்றிருக்கிறேன். சாதாரண பாவனையாளராக மாற்றும்போது ‘ஈடீசீ’ அடைவின் ‘ஷெல்ஸ்’ கோப்பிலுள்ள பட்டியலில் இல்லாத எதையும் ‘சீஎச்எஸ்எச்’ ஏற்காது. நான் ‘சூடோ’வுடன் கொடுத்ததால் அது தடுக்கவில்லை. அன்றிலிருந்து, ஷெல்லை மாற்றிய சாளரத்தை மூடாமல் வைத்துக்கொண்டு, கன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 விசைகளை ஒன்றாக அழுத்தி இன்னொரு திரையில் நுழைந்து பார்த்த பிறகுதான் எழும்புகிறேன். ரூட் பாவனையாளரின் ஷெல்லை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள்; கடைசியில் திறக்க வேண்டிய கதவு அது.

கேள்வி: லினக்ஸ் பாணிக் கட்டளைகளைப் பாவிப்பதற்காக விண்டோஸில் சிக்வின் நிறுவியிருக்கிறேன். அதில் ‘பாஸ்டபிள்யூடி’ கோப்பையே காணவில்லை. ஷெல்லை எங்கே மாற்றுவது?
— வாசகர், மூதூர்

பதில்: 1.7.34 பதிப்பிலிருந்து சிக்வின் பாவனையாளர் விவரங்களை விண்டோஸ் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வதால் அந்தக் கோப்பு கட்டாயமில்லை. ‘ஈடீசீ’ அடைவிலுள்ள ‘என்எஸ்ஸ்விட்ச் புள்ளி கொன்ஃப்’ என்ற அமைவுக் கோப்பில் ‘டீபீ_ஷெல்’ என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, விரும்பும் ஷெல்லின் முழு முகவரியைக் கொடுங்கள். பழைய நிறுவலிலிருந்து ‘பாஸ்டபிள்யூடி’ கோப்பு எஞ்சியிருக்கும் கணினிகளில் அதற்கே முன்னுரிமை. அங்கே ஏழாவது புலத்தைத்தான் திருத்த வேண்டும். எதைச் செய்தாலும், திறந்திருக்கும் சிக்வின் சாளரங்கள் அனைத்தையும் மூடிவிட்டு மீளத் திறக்கும்போதே மாற்றம் தெரியும்.