பால்கனியில் அழும் குட்டி, கையில் அசோசியேஷன் நோட்டீஸ்

கேள்வி: சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். போன வாரம் 40 நாள் நாய்க்குட்டி ஒன்று வாங்கினோம். முதல் நாளே தனியாகப் படுக்கவைத்தால்தான் பழகும் என்று விற்றவர் சொன்னதால், பால்கனியில் சங்கிலி போட்டுக் கட்டினோம். ஐந்து இரவாக விடாமல் அழுகிறது. கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஏழு நாளில் நாயை வெளியேற்றாவிட்டால் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு அபராதம் விதிப்போம் என்று அசோசியேஷன் நோட்டீஸ் கொடுத்துவிட்டது. அதுவரை லிஃப்டிலும் ஏற்றக் கூடாதாம். பக்கத்து வீட்டுக்காரர், 'பாலில் எதையாவது கலந்து வைத்தால் அடங்கிவிடும்' என்று என் காதுபடவே சொன்னார். வழக்குப் போடலாமா?

பதில்: வழக்கு அப்புறம். இன்றைக்கு ராத்திரி குட்டியை உள்ளே தூக்கி வாருங்கள். சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. அந்தப் பால்கனி விஷயத்தில் மட்டும் அது உங்கள் பக்கம் இல்லை.

நாய் வளர்க்கக் கூடாது என்று சொல்ல அசோசியேஷனுக்கு அதிகாரம் கிடையாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: பொதுக்குழுவில் பெரும்பான்மை இருந்தாலும் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது. லிஃப்டுக்கும் அதே கதைதான். 2021-ல் கேரள உயர் நீதிமன்றம், அப்படித் தடைசெய்யும் அசோசியேஷன் துணைவிதியே (பைலாவே) செல்லாது என்று தீர்ப்பளித்தது. வேறு மாநிலத் தீர்ப்பு உங்கள் ஊர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், பதில் கடிதத்தில் குறிப்பிட்டால் எடை கூடும். நீங்கள் வாடகைக்கு இருந்திருந்தால் முதலில் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லியிருப்பேன். சொந்த வீடு என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

இனி மறுபக்கம். நாய் குரைப்பது இயல்பு, அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் அதே வழிகாட்டுதல், இரவு நேரத்தில் அதை அமைதியாக வைத்திருக்க உரிமையாளர் எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஐந்து இரவு திறந்த பால்கனியில் கட்டிப்போட்டதை 'முயற்சி' என்று நான் எந்த நீதிபதியிடமும் வாதாட முடியாது. போதாக்குறைக்கு, 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில், அளவுக்கு மீறிய நேரம் குட்டையான சங்கிலியில் கட்டி வைப்பதும் குற்றம். எதிர்த்தரப்பு அதைப் படித்துவிட்டால் புகார் உங்கள் மேல் திரும்பும்.

குட்டி ஏன் அழுகிறது என்று பாருங்கள். பிறந்ததிலிருந்து தாயின் வயிற்றோடு ஒட்டி, கூடப்பிறந்தவற்றின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிய உயிர் அது. நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017 விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. உங்களிடம் வந்தது 40 நாளில், அதாவது ஆறு வாரம்கூட முழுசாக முடியாமல். தனியாகப் போட்டால் பழகும் என்று ஆலோசனை சொன்னவரே விதியை மீறியவர். ரசீது, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.

இரவுக்கு நான் சொல்வது என் வீட்டு அனுபவம். சட்டப் புத்தகத்தில் இருக்காது. கொஞ்சம் உயரமான அட்டைப்பெட்டியை உங்கள் கட்டிலை ஒட்டி, கையைத் தொங்கவிட்டால் எட்டும் தூரத்தில் வையுங்கள். உள்ளே நீங்கள் கட்டிக் கழற்றிய பழைய வேட்டி அல்லது புடவை. விற்றவர் வீட்டில் தாய் படுத்த துணி கிடைத்தால் இன்னும் நல்லது. கடைசிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். படுக்கப்போகும் முன் ஒருமுறை சிறுநீர் கழிக்க விடுங்கள். இந்த வயதில் ராத்திரி முழுக்க அடக்க முடியாது. எனவே நடுவில் ஓரிரு முறை அலாரம் வைத்து, அது அழ ஆரம்பிப்பதற்கு முன்பே நீங்கள் எழுந்து தூக்கிக்கொண்டு போங்கள். பெரிய விளக்கு வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம். வேலை முடிந்ததும் மறுபடி பெட்டி. முனகினால் விரல்களை உள்ளே விட்டு வையுங்கள். எங்கள் குட்டி என் சுண்டுவிரலைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போகும். அடங்கிய பிறகு, சில இரவுக்கு ஒருமுறை பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் நிரந்தர இடத்துக்கு நகர்த்தலாம். சாப்பிடாமல் சோர்ந்தோ, பேதியோடோ அழுதால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, அழுத நேரம், எத்தனை நிமிடம், என்ன செய்தீர்கள் என்று தினமும் எழுதுங்கள். அழுகை குறைந்துவருவதை அது காட்டும். அசோசியேஷன் நீதிமன்றம் வரை போனால் இந்த நோட்டுதான் உங்கள் சாட்சி.

பாலில் கலந்து வைத்தால் அடங்கும் என்றவரைச் சும்மா விடக் கூடாது. விலங்குக்கு விஷம் வைப்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். சொன்ன நாள், நேரம், அருகில் இருந்தவர் பெயரைக் குறித்துவைத்து, காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அவரிடம் நேரில் சண்டைக்குப் போகாதீர்கள்.

கீழ்வீட்டுக்காரரிடம் மட்டும் நோட்டீஸ் பாஷை வேண்டாம். நேரில் போய், பால்கனியில் விட்டது எங்கள் தப்பு, இனி உள்ளேதான் படுக்கும் என்று சொல்லுங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர், ராத்திரி அழுகையைப் பற்றி அவருக்கு உங்களைவிடத் தெரியும்.

இரண்டு, மூன்று இரவு இப்படிப் பார்த்துவிட்டு, ஏழு நாள் கெடு முடிவதற்குள் அசோசியேஷனுக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதுங்கள். குட்டியை உள்ளே மாற்றிவிட்டோம் என்பது முதல் வரி; வழிகாட்டுதல், தீர்ப்பு எல்லாம் அதற்குக் கீழே. உள்ளாட்சியில் நாய் உரிமம் வாங்க வேண்டியிருந்தால் தடுப்பூசி அட்டையோடு விண்ணப்பித்துவிட்டு, அந்த நகலையும் இணையுங்கள். செயலாளர் கையெழுத்துப் போட்டு வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.