யாரும் தலையிடாத தெரு

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் 32 ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எங்கள் மகன் புதுச்சேரி ரெயின்போ நகர்ப் பக்கம் வீடு வாங்கி, எங்களையும் அங்கே அழைத்துக்கொள்ள நினைக்கிறான். "வசதியானவர்கள் இருக்கும் இடம், அமைதியாக இருக்கும், யாரும் யார் விஷயத்திலும் தலையிட மாட்டார்கள்" என்கிறான். வயதான எங்களுக்கு அது ஒத்துவருமா?
– வாசகி ஒருவர், கடலூர்

பதில்: உங்கள் மகன் பெரிய வசதியாகச் சொல்லும் அந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நான் முதல் குறையாகக் கருதுகிறேன். அவர் உங்கள் மீதுள்ள அக்கறையால் சொல்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் யாரும் தலையிடாத தெருவில், உங்களுக்கு ஒன்று நேர்ந்தாலும் யாரும் தலையிட மாட்டார்கள்.

நானும் அப்பகுதியில் அப்படிப்பட்ட ஒரு தெருவில்தான் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின; மக்களை மீட்க ராணுவமே வரவேண்டியிருந்தது. மறுநாள் காலை, வைத்திக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் தொலைபேசியில் அழைத்து, "எதிர்வீட்டு ஐயாவுக்கு ஊசி மருந்து குளிர்பெட்டியில் இருக்கிறது, கரண்ட் இல்லையே, யாராவது போய்ப் பாருங்கள்" என்றார். எதிர்வீட்டுத் தரைத்தளத்தில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர் ஒருவர் தனியாக இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். இடுப்பளவு நீரில் இறங்கிப் போய் மருந்தை வாங்கி, இன்வெர்ட்டர் உள்ள ஒரு மாடி வீட்டில் கொடுத்து வைத்தோம். அந்த மாடி வீட்டுக்காரரோடும் அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் தெருவில் யாருக்கு என்ன நோய், யார் பிள்ளை எந்த ஊரில் என்பதையெல்லாம் அறிந்திருந்தவர், அத்தெருவில் ஒரு சதுர அடி நிலமும் இல்லாத அந்த அம்மையார் ஒருவரே. நண்பகலில் அவர் மாடிப்படியில் அமர்ந்து சாப்பிடுகிறார். ஏனென்றால் எங்கள் வீடுகள் எதிலும் திண்ணை கிடையாது.

திண்ணையைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்த தமிழர் வீடுகள் தெருவை நோக்கித் திண்ணையும், அதற்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் வைத்துக் கட்டப்பட்டவை. செல்வந்தர்களின் வீடுகளும் அவ்வாறே இருந்தன. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்க அந்த நிழல் உரியதாக இருந்தது. வைசியாள் தெருவில் அந்த முகப்புகள் சீரமைக்கப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதியிலோ உயர்ந்த மதிலும் மூடிய கதவுமே தெருவுக்குத் தெரிந்தன. நாம் 'நகர்' என்று பெயரிட்டுக் கட்டியவை எல்லாம் அந்த மதிலையே எடுத்துக்கொண்டன.

மதிலுக்குள் இருப்பதைப் பணம் வாங்கித் தரும். மதிலுக்கு வெளியே ஓடும் மழைநீரை எந்தத் தனி வீட்டுப் பணமும் தடுத்துவிடாது. புதிதாகக் கட்டுபவர் சாலையைவிட மூன்றடி உயர்த்திக் கட்டுகிறார். கார் ஏறுவதற்குத் தெருவோர மழைநீர் வாய்க்கால் மேல் சாய்தளம் போடுகிறார். சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால் சாலையும் உயர்கிறது. இடையில் மாட்டிக்கொள்வது, இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய பக்கத்து வீடு. அந்த வீட்டுக்காரரும் வசதியானவர்தான். அவரும் அடுத்து உயர்த்திக் கட்டுவார். வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று சேர்ந்து மனுக் கொடுக்க எங்கள் தெருவில் பத்துக் கையெழுத்து வாங்குவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. கதவைத் திறக்கவே பலர் தயங்கினார்கள்.

ஆகவே வீட்டைப் பார்க்கப் போகும்போது தரையின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். சுற்றுச்சுவரில் பழைய நீர்மட்டத்தின் கறை எங்கே நிற்கிறது, வீட்டுத் தரை சாலைக்கு மேலா கீழா, வாய்க்காலில் நீர் ஓடுகிறதா தேங்குகிறதா என்று பாருங்கள். தெருமுனையில் துணி தேய்ப்பவரிடமும், காலையில் வேலைக்கு வரும் பெண்களிடமும் விசாரியுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

மஞ்சக்குப்பத்து வீட்டை இப்போது விற்காதீர்கள். மகனும் நீங்களும் அந்தத் தெருவிலேயே ஓராண்டு வாடகைக்கு இருங்கள். குடிபுகுந்த வாரமே இரண்டு பக்கத்து வீடுகளின் கதவையும் நீங்களே தட்டுங்கள். ஓர் ஐப்பசியும் ஒரு கார்த்திகையும் கழிந்த பிறகு பத்திரப்பதிவுக்கு நாள் பார்க்கலாம்.