பழைய பிக்கப்பை முதன்முறையாகப் பிரித்துச் சேர்ப்பவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழமையான பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஸ்பேனர் பிடித்த பழக்கம் குறைவு. வண்டியை முதலில் மொத்தமாகப் பிரித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம் என்று நினைக்கிறேன். இது சரியான முறையா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பாதியில் கைவிடப்பட்டு நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவை ஆரம்ப உற்சாகத்தில் ஒரே வாரத்தில் முழுதாகப் பிரிக்கப்பட்டவை. ஆறு மாதம் கழிந்த பின் எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது. பிரிப்பதற்கு முன் எதுவும் அளக்கப்படாததால், எது கெட்டது, எது நல்லது என்பதும் தெரியாது. எதையும் கழற்றுவதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள், படம் எடுங்கள், ஒரு பகுதியை முடித்த பின்பே அடுத்ததைத் தொடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது என்ஜின் அல்ல, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், கேபின் உட்காரும் தாங்கிகள், சேறு தங்கும் உட்புற மூலைகள் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். அங்கே திருப்புளியை அழுத்திக் குத்தினால் இரும்பு உதிரும் அல்லது துளை விழும். சேஸிஸ் பல இடங்களில் இப்படி இருந்தால், என்ஜினுக்குச் செலவிடும் முன் வண்டியையே மாற்றிக்கொள்வது பற்றி யோசியுங்கள். சேஸிஸ் தேறினால் பிரேக், ஸ்டியரிங், அதன் பிறகு என்ஜின் என்ற வரிசையில் போங்கள்.

கேள்வி: என்னுடைய பெட்ரோல் என்ஜின் பல ஆண்டுகளாக ஓடவில்லை. பேட்டரியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: உடனே வேண்டாம். சிலிண்டர் சுவரில் படிந்த துரு, பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களான ரிங்குகளைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஸ்டார்ட்டர் அதை முரட்டுத்தனமாகச் சுழற்றும்போது ரிங் உடையும் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) கீறப்படும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிதளவு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லியின் போல்ட்டில் நீண்ட கைப்பிடி கொண்ட ஸ்பேனரை மாட்டி, கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையின்றி வந்தால் நிம்மதி. எங்காவது இறுகினால் வலுவைக் கூட்டாமல், முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து, மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

இதற்கிடையே ஆயில் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் என்ஜினை ஓட்டக்கூடாது. டேங்கில் உள்ள பழைய பெட்ரோலையும் முழுதாக வடித்துவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி செய்தபின் என்ஜின் ஓடியது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்த்தேன்: 140, 135, 70, 138 பிஎஸ்ஐ. மூன்றாவது சிலிண்டருக்காக முழு என்ஜினையும் இறக்க வேண்டுமா?

பதில்: அளந்த பிறகு கேட்டதற்கு மகிழ்ச்சி. மிகக் குறைந்த அளவு, மிக அதிகமான அளவில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுவான கணக்கு. உங்கள் வண்டியில் அந்த எல்லை 105. மூன்றாவது சிலிண்டர் அதைவிட வெகுவாகக் கீழே இருக்கிறது. பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, நல்ல சார்ஜ் உள்ள பேட்டரியோடு அளந்தீர்களா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

பிறகு அந்தச் சிலிண்டரில் மட்டும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு நன்றாக உயர்ந்தால், எண்ணெய் ரிங்குகளின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது; அதாவது தேய்மானம் ரிங்கிலோ போரிலோ இருக்கிறது, என்ஜினை இறக்கத்தான் வேண்டும். அளவு அசையாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போதும் சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றும் முன் டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சரிபாருங்கள். இடைவெளியே இல்லாமல் இறுகியிருக்கும் வால்வு, கெட்ட வால்வைப் போலவே காட்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டின் அடியிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். உங்கள் அளவுகளில் அந்த அறிகுறி இல்லை.

கேள்வி: என்ஜினை இறக்கிவிட்டேன். அடிப்பக்கத்தைத் திறக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: எதுவும் இடம் மாறக்கூடாது. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூடிகள், என்ஜினின் உடலான பிளாக்கோடு சேர்த்துப் பொருத்திய நிலையிலேயே தொழிற்சாலையில் துளை கடையப்பட்டவை. ஒரு மூடியை இன்னோர் இடத்தில் போட்டாலோ, அதே இடத்தில் திருப்பிப் போட்டாலோ துளையின் வட்டம் கெட்டுவிடும். நான் பழகிய காலத்தில் ஒரு மூடியைத் திருப்பிப் போட்டு இறுக்கிவிட்டேன். கிராங்க் கையால் சுழல மறுத்தது. காரணம் புரியாமல் ஒரு நாள் முழுவதையும் இழந்தேன். அங்கேயே நிறுத்தியதால் பேரிங் தப்பியது. எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கழற்றும் முன் நீங்களே பஞ்ச் கொண்டு புள்ளியிட்டு, முன்பக்கம் எது என்பதையும் குறியுங்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் அதன் மூடிக்கும் இதே விதிதான். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டின் மேல் நேராக உராயும் தட்டையான டேப்பட்டுகளும் கேமின் தத்தம் முனைகளோடு சேர்ந்து தேய்ந்தவை. பழைய கேமையே பயன்படுத்துவதானால் அவற்றை வரிசை மாறாமல் வையுங்கள்.

போர் கடைவது, கிராங்க் தீட்டுவது, ஹெட் மட்டம் பார்ப்பது ஆகியவற்றை லேத் பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள். அளவு தெரிந்த பிறகே பிஸ்டன், பேரிங் வாங்குங்கள். முன்கூட்டி வாங்கிய ஸ்டாண்டர்டு அளவுப் பேரிங், தீட்டிய கிராங்குக்குப் பொருந்தாது.

கேள்வி: துருப்பிடித்த போல்ட்டுகள் தலை உடைந்து வருகின்றன.

பதில்: துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விடுங்கள். ஆறு முனை சாக்கெட்டைப் பயன்படுத்தி, முதலில் சிறிது இறுக்கிப் பிறகு தளர்த்துங்கள். அசைந்த பின் முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். பெட்ரோல் பைப், டேங்க், ரப்பர் அருகே இல்லாத இடத்தில் மட்டும் சூடு காட்டலாம். சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரை கொண்டவை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பிரேக் வேலையைத் தொடங்கப் போகிறேன். என் பதினாறு வயது மகளும் உதவ விரும்புகிறாள். அனுமதிக்கலாமா, ஐயா?

பதில்: தாராளமாக, ஆனால் இருவருக்கும் ஒரே விதி இருக்கட்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. சமமான கெட்டித் தரையில், சேஸிஸின் கீழ் ஸ்டாண்டு வைத்து, வண்டியைப் பிடித்து அசைத்துப் பார்த்த பிறகே யாரும் கீழே போகலாம். செங்கல், சிமெண்டுக் கல் வைக்காதீர்கள். அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. முகக்கவசம் அணிந்து, ஈரப்படுத்தித் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை கொண்டதா என்று பாருங்கள். அப்படியானால் ஒரு ஹோஸ் வெடித்தாலே நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். அதனால் ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் புதிதாக்குவது கட்டாயம் என்பேன். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்தபின் அதற்கான எல்லை 155 டிகிரிதான். இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை இறங்கிவிடும். சிலிகான் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்கும்போது பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். பெடலை மிதிக்கும் பொறுப்பை மகளிடம் கொடுக்கலாம்.

கேள்வி: ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, பியூஸும் அடிக்கடி போகிறது. பெரிய பியூஸ் போடலாமா?

பதில்: கூடாது, அடுத்து எரிவது ஒயராக இருக்கும். எங்கோ ஒயர் உரசி சேஸிஸைத் தொடலாம், அதைத் தேடுங்கள். மங்கலுக்கு முதல் சந்தேகம் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே அளந்து, அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிளின் இரு முனைகளையும் பளிச்சென்று தீட்டி இறுக்குங்கள். ஹெட்லைட்டின் எர்த்தையும் விளக்கு எரியும்போது இதேபோல் அளங்கள்.

கேள்வி: என்ஜின் கோத்து முடிந்தது. முதல் ஸ்டார்ட்டில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பிளக்குகள் இல்லாமல், ஆயில் அழுத்தம் மீட்டரில் ஏறும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுழற்றுங்கள். புதிய கேமும் தட்டையான டேப்பட்டும் போட்டிருந்தால் இந்தச் சுழற்சியைக் குறைவாக வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் சுமார் 2000 சுற்று வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். கேம் முனைகளுக்குக் கிராங்க் வாரி இறைக்கும் எண்ணெயே முக்கிய ஆதாரம், ஐடிலில் அது போதாது. ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் அழுத்தம் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஓட்டம் முடிந்து ஆறியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மென்மையான சாம்பல் நிறப் பொடி சிறிது இருந்தால் கவலை வேண்டாம். செம்பு நிறத்தில் துணுக்குகள் மின்னினால் பேரிங் தேய்கிறது, வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாமல், என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியைக் கழற்றிப் பாருங்கள்.