மாமாவின் பட்டாளமும் உங்கள் பட்டாளமும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 20. வேலூர் மாவட்டம், கம்மவான்பேட்டைக்குப் பக்கத்து ஊர். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளர் வேலை கிடைத்திருக்கிறது; மாதம் 15,000 ரூபாய். அக்னிவீர் எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டேன். ஹவில்தாராக ஓய்வு பெற்ற மாமா, “பட்டாளத்துக்குப் போ, ஆயுளுக்கும் கவலையில்லை” என்கிறார். அவருடைய மகளைத்தான் எனக்குப் பேசி வைத்திருக்கிறார்கள். தங்கை கல்யாணமும் இருக்கிறது. எதற்குப் போகட்டும்?

அன்புள்ள தம்பி,

மாமா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சேர்ந்த வேலை வேறு, நீங்கள் சேரப்போவது வேறு. மாதா மாதம் ஓய்வூதியம், கேன்டீன் அட்டை, குடும்பத்துக்கு மருத்துவ வசதி எல்லாம் அவருக்கு உண்டு. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் அக்னிவீரராகச் சேர்ந்து, நான்கு ஆண்டு முடித்து வெளியேறுபவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. நூறு பேரில் அதிகபட்சம் 25 பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். அந்த 25இல் தானும் ஒருவன் என்றுதான் நூறு பேரும் நம்புகிறார்கள்.

பணத்தைப் பார்ப்போம். முதல் ஆண்டுச் சம்பளம் 30,000. பிடித்தம் போகக் கைக்கு வருவது 21,000. முடிவில் தரும் 11.71 லட்சத்தில் பாதி உங்களிடம் பிடித்ததும் அதன் வட்டியும்தான். மறுபாதியை அரசு போடுகிறது. வரி இல்லை. அறை வாடகையும் சாப்பாடும் போக ஒரகடத்தில் நான்கு ஆண்டில் இவ்வளவு சேராது, ஒப்புக்கொள்கிறேன். தங்கை கல்யாணம் ஒன்றுதான் கணக்கு என்றால் பட்டாளமே மேல். ஆனால் அந்தப் பணத்தைக் கல்யாணத்தில் போட்டுவிட்டு, 24 வயதில், மறந்துபோன டிப்ளமோவோடு புதிதாக வேலை தேட வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு, அங்கும் போட்டிதான்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பட்டாளம் பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. பிடித்திருந்தால் இந்தக் கணக்கையெல்லாம் தள்ளிவிட்டுப் போங்கள் என்றே சொல்லியிருப்பேன். இப்போதைக்கு எனக்கு ஒரகடம்தான் சரியாகப் படுகிறது. பயிற்சிக் காலம் முடிந்தபின் எத்தனை பேரை நிரந்தரமாக்குகிறார்கள் என்று அங்கே வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள். தொழிற்சாலை என்றால் நிலையான வேலை என்பதும் பழைய கதைதான்.

இன்னொன்று. அக்னிவீரர் அந்த நான்கு ஆண்டும் திருமணம் செய்துகொள்ளக் கூடாது. மாமாவுக்கு இது தெரியுமா? தெரிந்தாலும், காத்திருக்க வேண்டியவர் அவரல்ல, அவர் மகள். அவளிடம் யாராவது கேட்டீர்களா? மாமாவுக்குப் பதில் சொல்லும் முன் அவளிடம் பேசிவிடுங்கள்.