தெனெரிஃபே போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி, பதில்

கே: குடும்பத்தோடு ஸ்பெயினின் தெனெரிஃபே தீவுக்குப் போகிறோம். தெய்தே எரிமலையின் உச்சி வரை கேபிள் காரிலேயே போய்விடலாமா? (லண்டன் வாசகி)

ப: உச்சி வரை கேபிள் கார் கிடையாது. 2,356 மீட்டர் உயரத்தில் ஏறினால், எட்டு நிமிடத்தில் 3,555 மீட்டரில் இறக்கிவிடும். மலையின் உயரம் 3,715 மீட்டர். மிச்சம் 160 மீட்டரை நடந்துதான் ஏற வேண்டும், அதற்குத் தேசியப் பூங்காவின் தனி அனுமதியும் வேண்டும். கேபிள் கார் டிக்கெட் மட்டும் இருந்தால் பாதையின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுமதியை நாளும் நேரமும் குறித்துத் தருகிறார்கள், சீக்கிரமே தீர்ந்துபோகும். அதனால் முதலில் அனுமதி வாங்குங்கள், பிறகு அந்த நேரத்துக்குப் பொருந்துகிற கேபிள் கார். பதிவு செய்த பாஸ்போர்ட்டையே கையில் கொண்டுபோங்கள்.

காற்று பலமாக வீசினால் கேபிள் கார் ஓடாது. கடற்கரையில் நல்ல வெயில் அடிக்கும்போதும் மேலே நிறுத்தியிருப்பார்கள். தெய்தேயைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஒரு நாள் தவறினாலும் இன்னொரு நாள் மீதம் இருக்க வேண்டும். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் போகாமலிருப்பது நல்லது. ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. ஸ்கூபா டைவிங் செய்தவர்கள் அடுத்த 24 மணி நேரம் மலைக்குப் போகக் கூடாது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழிகளாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். கார் சாலையே 2,000 மீட்டருக்கு மேல் போவதால், கேபிள் காரில் ஏறாதவர்களுக்கும் இது பொருந்தும். மலையை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள்.

கே: எங்களிடம் இலங்கை பாஸ்போர்ட், பிரிட்டனில் நிரந்தர வதிவிட உரிமை. விசா வேண்டுமா? (ஹாரோ வாசகர்)

ப: வேண்டும். ஆப்பிரிக்கக் கரையோரம் இருந்தாலும், தெனெரிஃபே அடங்கிய கேனரி தீவுகள் ஐரோப்பிய நாடுகளின் பொது விசா பகுதியான ஷெங்கனுக்குள்தான் வருகின்றன. பிரிட்டன் வதிவிட உரிமை அங்கே செல்லாது. இந்திய பாஸ்போர்ட்டுக்கும் இதே விதிதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கே: சைவம் கிடைக்குமா? (திருச்சி வாசகி)

ப: கிடைக்கும், ஆனால் கேட்கும் விதம் முக்கியம். ‘கார்னே’ என்றால் இறைச்சி. ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம், என்று மட்டும் சொன்னால் சாலட்டில் சூரை மீன் வரக்கூடும். ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன், சின் அத்தூன்’ என்று மீன், பன்றித்தொடை, சூரை எல்லாவற்றையும் சேர்த்தே மறுத்துவிடுங்கள். காய்கறி சூப்பிலும் பன்றி எலும்பு போட்டிருக்கலாம்; கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நம்பிக்கையாகச் சாப்பிடக்கூடியது ‘பாப்பாஸ் அர்ருகாதாஸ்’. சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு நிறைய உப்புப் போட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்து, தோல் சுருங்கி உப்புப் பூக்கும்வரை சூட்டிலேயே வைப்பார்கள். தொட்டுக்கொள்ள ‘மோஹோ’: சிவப்பில் மிளகாய், பூண்டு, சீரகம்; பச்சையில் பெரும்பாலும் கொத்தமல்லி. நம் நாக்குக்குத் துவையல் போலவே இருக்கும்.

கே: பஸ் வசதி எப்படி? (கோவை வாசகர்)

ப: பஸ்ஸை அங்கே ‘குவாகுவா’ என்பார்கள். ‘தென் மாஸ்’ அட்டை வாங்கினால் பஸ், டிராம் இரண்டுக்கும் ஆகும். தீவில் வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு விமான நிலையங்கள், நடுவே 60 கிலோமீட்டருக்கு மேல் தூரம். டிக்கெட்டில் டி.எஃப்.என். என்றால் வடக்கு, டி.எஃப்.எஸ். என்றால் தெற்கு. கிளம்பும் நாளில் இதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.