கோதிக் கதைகளை உளப்பகுப்பாய்வு கொண்டு வாசிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் பேய்க்கதை கேட்டு வளர்ந்த உங்களுக்குக் கோதிக் கதைகள் (பழைய மாளிகைகளும் மறைந்த இரகசியங்களும் பேய்களும் நிறைந்த திகில் கதைகள்) பயத்தைவிட அமைதியின்மையையே தருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மனத்தில் அமுங்கிக் கிடப்பவற்றை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்ட் 1919இல் எழுதிய கட்டுரையின்படி, நம்மைக் கலங்கடிப்பது முற்றிலும் அந்நியமானதன்று. ஒருகாலத்தில் நன்கு பழகியிருந்து, பின்னர் மனம் அமுக்கிவைத்த ஒன்று வேற்றுருவில் திரும்பி வருவதே. அவர் ஆராய்ந்த, ஜெர்மானிய எழுத்தாளர் ஹொஃப்மனின் ‘மணல் மனிதன்’ கதையில், உறங்க மறுக்கும் பிள்ளைகளின் கண்களைப் பறிப்பவனைப் பற்றிச் சிறுவயதில் கேட்டறிந்த நதானியேல், வளர்ந்த பின்னர் மூக்குக்கண்ணாடி விற்க வருபவனிடம் அவனையே காண்கிறான். இந்தக் கண்ணிழக்கும் அச்சத்தைத் தந்தையின் தண்டனை குறித்த அச்சமாகப் பிராய்ட் விளக்குவது, என் பார்வையில், சற்று இழுத்துப் பொருத்தியதுதான். ஆயினும் அமுக்கிவைத்தது திரும்பி வருகிறது என்ற அவரது கருத்து வாசிப்புக்கு உதவும்; கறுவாத்தோட்டத்துப் பழைய பங்களாவில் நிகழும் கதையை வாசித்தாலும், பூட்டிய அறையில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதைப் பற்றிக் கேட்டால் வீட்டார் ஏன் பேச்சை மாற்றுகிறார்கள் என்பதையே கவனியுங்கள்.